கையெழுத்துப் போட்டவன் ஏற வேண்டும்

நாங்கள் கல்கத்தாவில் ஒரு விமானக் கம்பெனி நடத்தினோம் என்று சொன்னால், இப்போது நான் குடியிருக்கும் நியூ டவுன் அடுக்குமாடியில் யாரும் நம்புவதில்லை. "ஓ, நீங்க ஏர்ஹோஸ்டஸா இருந்தீங்களா ஆன்ட்டி?" என்று லிஃப்டில் ஒரு பெண் கேட்டாள். இந்த உடம்பையும் இந்தக் குரலையும் வைத்துக்கொண்டு நான் யாருக்குத் தட்டு நீட்டியிருப்பேன்? "இல்லம்மா, முதலாளியா இருந்தேன்" என்றேன். அவள் சிரித்தாள், அதற்குள் அவளுடைய மாடி வந்துவிட்டது. டம்டமில் இறங்கும் விமானங்கள் எங்கள் பால்கனிக்கு மேலேதான் போகின்றன. ஒவ்வொன்றையும் நிமிர்ந்து பார்த்து, இதற்குக் கையெழுத்துப் போட்டவன் இப்போது எங்கே இருக்கிறான் என்று கேட்டுக்கொள்வது எனக்குத் தீராத வியாதியாகிவிட்டது.

முதலாளிகள் மூன்று பேர்: அண்ணன், என் கணவர், நான். அண்ணனிடம் பேச்சு இருந்தது. என் கணவரிடம் விமானப் பராமரிப்பு லைசென்ஸ் இருந்தது. என்னிடம் ஒரு டைப்ரைட்டரும் முன்கோபமும் இருந்தன. மூவருமே கரக்பூர் ரயில்வே காலனியில் வளர்ந்தவர்கள். எங்கள் அப்பாக்கள் மதுரைப் பக்கத்திலிருந்து வந்து அங்கே ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தார்கள். வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, கடையில் வங்காளம், சண்டை என்று வந்தால் மூன்றும்.

அந்த ஒர்க்‌ஷாப்பில் ஒரு பழக்கம் இருந்தது. பழுது பார்த்த ரயில் எஞ்சின் வெளியே வந்து முதல் ஓட்டம் ஓடும்போது, 'வேலை முடிந்தது' என்று கையெழுத்துப் போட்டவர் அதில் ஏறி நிற்க வேண்டும். சட்டத்தில் எழுதியிருந்ததா என்று தெரியாது. ஆனால் ஏறாதவனை அங்கே யாரும் ஆளாக மதித்ததில்லை. காலனிப் பிள்ளைகள் வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்ப்போம். யாராவது கொஞ்சம் தயங்கினால் போதும், "சடோ பாபு, சடோ!" என்று கத்துவோம். ஏறய்யா ஏறு என்று அர்த்தம். எல்லோரையும்விட உரக்கக் கத்துவது என் அண்ணன்தான். காலனியில் அவனுக்கு அஞ்சாநெஞ்சன் என்று பெயர். பள்ளிக்கூடம் போக எல்லோரும் ஓவர்பிரிட்ஜில் ஏறிப் போவோம். அவன் மட்டும் ஓடுகிற ரயிலுக்குக் குறுக்கே தண்டவாளத்தைத் தாண்டிப் போவான். அதற்காக அப்பாவிடம் பெல்ட்டால் அடி வாங்கியிருக்கிறான், அப்போதும் பாலத்தில் ஏறமாட்டான்.

கல்கத்தாவில் எனக்கு ஒரு தேயிலைக் கம்பெனியில் ஸ்டெனோ வேலை. டைரக்டர்கள் வடக்கு வங்காளத்து டூவார்ஸ் தேயிலைத் தோட்டங்களுக்குப் போய் வருவதற்குப் பட்ட பாட்டை டைப் அடித்தவள் நான். அப்போது ஃபரக்காவில் பாலம் கிடையாது. ரயிலில் போய், கங்கைக் கரையில் இறங்கி, ஸ்டீமரில் ஏறி, மறுகரையில் மறுபடி ரயில். தோட்டத்தில் தொழிலாளிகள் மேனேஜரைச் சுற்றி வளைத்து உட்கார வைத்திருப்பார்கள். அவரை மீட்கப் போகிற பெரிய துரை ஸ்டீமருக்காக மணலில் நின்றுகொண்டிருப்பார். ஆனால் பல தோட்டங்களிலும் புல்தரையில் ஒரு சிறிய ஓடுபாதை சும்மா கிடந்தது. இதை நான் வீட்டில் சொன்னேன். அண்ணன் அப்போது டம்டமில் சரக்கு ஏஜெண்டிடம் வேலை பார்த்தான். காதில் விழுந்ததும் எழுந்து நின்றுவிட்டான்.

ஒரு சணல் மில் முதலாளி, மில் வாசலில் நித்தம் கெராவோ, சுற்றிவளைப்பு என்று ஆனபிறகு ஊரைக் காலி செய்தார். அவருடைய இரட்டை எஞ்சின் குட்டி விமானம், பைலட் தவிர ஐந்து பேர் உட்காரலாம், ஹேங்கரில் தூசி படிந்து கிடந்தது. என் நகையும், அண்ணன் யார் யாரிடமோ பேசிப் புரட்டியதும் சேர்ந்து அது எங்களுடையதாயிற்று. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அன்று அந்த வாயால் நாங்களும் பிழைத்தோம், இல்லையென்று சொல்லமாட்டேன்.

ஆனால் அந்த விமான நிலையத்தில் எங்களை யாருக்கும் பிடிக்கவில்லை. லேக் மார்க்கெட்டில் தோசைக் கடை போட வேண்டிய மதராஸிகளுக்கு விமானம் எதற்கு என்று முகத்துக்கு நேரே கேட்டார்கள். எங்களுக்குக் கிடைத்தது ஒழுகுகிற தகரக் கூரையின் ஒரு மூலை. பக்கத்து ஹேங்கர்காரன் தண்ணீர்க் குழாயைப் பூட்டி வைத்தான். உள்ளே நுழைய பாஸ் வாங்கப் போனால் மதியம்வரை நிறுத்திவைத்துவிட்டு, "யாருடைய டைப்பிஸ்ட் நீ?" என்று கேட்பார்கள். 'என்னுடைய டைப்பிஸ்ட்' என்று ஒருமுறை பதில் சொன்னேன். அதற்கு இன்னொரு மதியம் நிற்கவேண்டி வந்தது. தினமும் வீடு இருந்த டாக்குரியாவிலிருந்து லோக்கல் ரயில் பிடித்து சியால்தா, அங்கிருந்து பஸ்ஸில் டம்டம். வழியில் பாதி நாள் ஊர்வலம், மீதி நாள் பந்த். அந்த ஊரில் அந்தக் காலத்தில் எதையாவது கட்டியெழுப்ப நினைத்தவன் பைத்தியக்காரன்.

துரைமார்கள் உடனே வந்து ஏறிவிடவில்லை. முதலில் ஏறியது மீன் குஞ்சு. சீட்டுகளைக் கழற்றிவிட்டு, தண்ணீரும் ஆக்சிஜனும் அடைத்த பாலிதீன் பைகளில் மீன் குஞ்சுகளை அசாமுக்கு ஏற்றினோம். பிறகு கோழிக் குஞ்சு. அந்த நாற்றம் கம்பளத்தை மாற்றியும் போகவில்லை. அதனால்தான் நான் எலுமிச்சம்பழம் வைக்க ஆரம்பித்தேன். ஆள் ஏறும் நாட்களில் ஒவ்வொரு சீட்டுப் பையிலும் ஒரு பழம். நாற்றத்துக்கும் ஆகும், காற்றுக் குழியில் வயிறு புரண்டால் அதற்கும் ஆகும். அண்ணனுக்கு அது மானக்கேடாக இருந்தது.

"இது என்ன ஏரோப்ளேனா, கொடைக்கானல் பஸ்ஸா?" என்பான்.

"வாந்தி எல்லாத்துலயும் ஒண்ணுதான் அண்ணே" என்பேன்.

ரயில்வே ஒர்க்‌ஷாப் பழக்கத்தை முதல் நாளே கொண்டுவந்து வைத்தவள் நான். எஞ்சினைத் திறந்து மூடினாலும், சக்கரத்தை மாற்றினாலும், கையெழுத்துப் போட்டவர் முதல் பயணத்தில் ஏறவேண்டும். என் கணவர் பையை எடுத்துக்கொண்டு ஏறினார். அவர் எதற்குமே ஒன்றும் சொல்லமாட்டார், கல்லுளிமங்கன். இந்த விதியிலிருந்து இன்னொன்று தானாக வந்தது. கையெழுத்துப் போட்டு ஏறவும் சம்மதிக்கிற இரண்டாவது இன்ஜினியர் கிடைக்கும்வரை இரண்டாவது விமானம் கிடையாது. அண்ணனுக்கு இது பொறுக்கவில்லை. "பாப்பா, இப்படிப் போனா பல்லு போனப்புறம்தான் ரெண்டாவது ப்ளேன் வாங்குவோம்" என்பான். அகலக்கால் வைக்காதே என்று நான் சொல்வேன். காலே வைக்காதவள் என்று அவன் சொல்வான். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு பெரும்பாலும் இப்படித்தான் முடியும்.

ஆனால் வெளியே அதே விதியை அவன் விற்றான்! கிளப்பில், டைரக்டர்கள் நடுவில் நின்றுகொண்டு, "எங்கள் இன்ஜினியர் கையெழுத்தோடு நிறுத்துவதில்லை, உங்களோடு தானும் ஏறுகிறார், வேறு எந்தக் கம்பெனியில் இது உண்டு?" என்று கேட்பான். இதைச் சொல்லிச் சொல்லியே ஒரு பெரிய தேயிலைக் கம்பெனியை வளைத்தான். அதன் டைரக்டரைத் துரை என்போம். பெயர்தான் துரை, அசல் பஞ்சாபி. வெளிநாட்டு விருந்தாளிகள் இருவரை அவர் தோட்டம் காட்ட அழைத்துப் போக வேண்டும். அந்தப் பயணம் நல்லபடியாக முடிந்தால் அவர்களுடைய பயணங்கள் எல்லாமே எங்களுக்கு. ஒப்பந்தம் டைப் அடித்துத் தயாராக இருந்தது, அடித்தவள் நான்தான். அது கையில் வந்தால் மீன் குஞ்சுக்கு முழுக்குப் போட்டுவிடலாம். வராவிட்டால் கூரை வாடகைக்கே வழியில்லை.

பயணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது என் கணவர் இடது எஞ்சினின் எண்ணெய் வடிகட்டியைக் கழற்றினார். அதைக் கழுவிய கசண்டைக் கிழிந்த வெள்ளை வேட்டித் துணியில் ஊற்றி வெயிலில் பிடித்தார். மினுக் மினுக்கென்று பொடி. சட்டைப் பையிலிருந்து காந்தத்தை எடுத்து வைத்தார். பொடி எழுந்து ஒட்டிக்கொண்டது.

"உள்ள எதோ தேயுது. பிரிச்சுப் பாக்கணும்" என்றார்.

பிரித்தால் சாமான் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். அதற்கு அரசாங்க அனுமதி வரவேண்டும். எப்போது வரும் என்பது தெய்வத்துக்குக்கூடத் தெரியாது. அண்ணன் ஓடி வந்தான்.

"அது வெறும் கார்பன் மாப்ள."

"கார்பன் காந்தத்துல ஒட்டாது மச்சான்."

"ஒரே ஒரு தடவை. போயிட்டு வரட்டும். அப்புறம் எஞ்சினைச் சுக்கு நூறாப் பிரிச்சுப் போடு, நான் கேக்க மாட்டேன்."

"என் கையெழுத்து கிடையாது."

அண்ணன் அவரை மேலும் கீழும் பார்த்தான். "இந்த ஊர்ல உன் ஒருத்தன்கிட்டதான் பேனா இருக்கா?" என்றான். அந்த வார்த்தைக்காக அவனை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

மறுநாளே வேறொரு ஹேங்கரிலிருந்து லைசென்ஸ் உள்ள ஒருவரைக் கூட்டி வந்தான். நீல கோட், தங்க பிரேம் கண்ணாடி. அவர் வடிகட்டியைப் பார்த்தார், துணியைப் பார்க்கவில்லை, கையெழுத்துப் போட்டார். காகிதத்தை அண்ணன் என் மேஜையில் கொண்டுவந்து வைத்தான். என் கணவர் அதைப் படித்துவிட்டு என்னிடம் மட்டும் சொன்னார்: "இது இந்தக் காகிதத்துல கிளம்பினா, இனிமே இந்தக் கம்பெனில நான் எதுலயும் கையெழுத்துப் போட மாட்டேன்." அவர் சொன்னால் சொன்னதுதான். ஆக, விமானம் கிளம்பினால் கம்பெனிக்கு இன்ஜினியர் இல்லை; கிளம்பாவிட்டால் கம்பெனிக்கு வேலை இல்லை. எனக்கு இரண்டுமே வேண்டியிருந்தது.

"அண்ணே, கையெழுத்துப் போட்டவன் ஏறணும். மறந்துராத" என்றேன்.

"ஏறுவான், ஏறுவான். உன் சடங்கெல்லாம் குறையில்லாம நடக்கும்" என்றான்.

அன்று காலை பனி விலகி வெயில் நன்றாக வந்துவிட்டது. எலுமிச்சம்பழங்களைச் சீட்டுப் பைகளில் வைத்துவிட்டு நான் இறங்கினேன். எங்கள் பைலட் இறக்கைக்குப் பக்கத்தில் நின்றார். விமானப் படையிலிருந்து வந்த வங்காளி, கேப்டன் என்றுதான் கூப்பிடுவோம். என்னை பௌதி என்பார், அவர்கள் வழக்கத்தில் அண்ணி. "காகிதம் சரியா இருக்கு பௌதி, நான் ஓட்டுவேன். ஆனா இந்தக் கம்பெனியில காகிதத்தோட ஒரு ஆளும் வருவாரே, அவர் எங்கே?" என்று வங்காளத்தில் கேட்டார். என் கணவர் ஹேங்கர் நிழலில் எண்ணெய் டிரம்மின் மேல் உட்கார்ந்திருந்தார். எழுந்து வரவே இல்லை.

காரிலிருந்து துரை இறங்கினார். கூடவே இரண்டு விருந்தாளிகள், ஒரு செக்ரெட்டரி. அண்ணன் எல்லோருக்கும் கைகொடுத்தான். துரை ஏணியில் கால் வைக்கப்போனவர் திரும்பி, நல்ல உற்சாகமாக, "எங்கே உங்கள் இன்ஜினியர்? எங்களோடு வருவார் என்று இவர்களிடம் பெருமையாகச் சொல்லி வைத்திருக்கிறேன்" என்று ஆங்கிலத்தில் கேட்டார். நுணலும் தன் வாயால் கெடும்.

அண்ணன் நீல கோட்டுக்காரரை முன்னால் தள்ளினான். அவர் சிரித்தார். தனக்கு வேறொரு விமானம் பார்க்க வேண்டியிருக்கிறது என்றார். அது காத்திருக்கும் என்றான் அண்ணன். உட்கார இடமிருக்காதே என்றார். நான்கு பேர்தான் போகிறார்கள், ஒரு சீட் காலி என்று நான் காட்டினேன். உயரே போனால் தனக்குக் காது வலிக்கும் என்றார். விமானத்தைப் பழுது பார்த்துப் பிழைக்கிறவனுக்குக் காது வலியாம்! ஆடமாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம். விருந்தாளிகளில் ஒருவர் ஏணியின் கைப்பிடியிலிருந்து மெதுவாகக் கையை எடுத்துக்கொண்டார்.

துரையின் சிரிப்பு போய்விட்டது. அவர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் என்னைப் பார்த்தான். ஏதாவது சமாளி என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். இத்தனை வருடம் அவன் அளந்ததையெல்லாம் நான்தான் சமாளித்திருந்தேன். அன்று சமாளிக்கவில்லை. துரைக்கும் கேப்டனுக்கும் புரியட்டும் என்று இந்தியிலேயே சொன்னேன், கரக்பூர் வேலியில் நின்று கத்திய அதே குரலில்.

"அவர் ஏறலேன்னா நீ ஏறு அண்ணே. கையெழுத்து வாங்கினவன் நீதானே? சடோ பாபு, சடோ."

அவன் முகத்தில் ஈயாடவில்லை. கோட்டுப் பொத்தானைப் போட்டான். ஏணிக்குப் போனான். முதல் படியில் காலை வைத்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, அப்படியே நின்றான். இரண்டாவது கால் தரையைவிட்டு எழவில்லை. கேப்டன் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு அண்ணன் காலை எடுத்துவிட்டு, "ஆபீஸில் ஒரு ஆள் இருக்க வேண்டும்" என்று யாரிடமோ சொன்னான். துரை விருந்தாளிகளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு காருக்குத் திரும்பிப் போனார். அந்த ஒப்பந்தத்தைப் பற்றி அதன்பின் யாரும் பேசவில்லை.

கார் போனபின் அண்ணன் என்னிடம் வந்தான். "வெள்ளைக்காரன் முன்னால, கூலிக்காரன் முன்னால என்னைக் கொன்னுட்ட பாப்பா."

"ஆள் யாரும் சாகலை. அதைப் பாரு" என்றேன்.

"உனக்குத் தெரியாது. உனக்கு ஒண்ணுமே தெரியாது" என்றான். பந்தயத்தில் தோற்றவன் பேசுகிற பேச்சு என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

அவன் விலகினான். கூடவே பாதி வாடிக்கையையும் கொண்டுபோனான். சில மாதங்களில் ஓடுபாதையின் மறுகோடியில் தனிக் கம்பெனி, பளபளவென்று போர்டு, கண்ணாடிக் கதவு வைத்த ஆபீஸ், காலண்டர். எங்களுக்கு மறுபடி மீன் குஞ்சு. கடைசியில் சாமான் வந்து எஞ்சினைப் பிரித்தபோது உள்ளே ஒரு தண்டு ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது. "அன்னிக்குப் போயிருந்தா விழுந்திருக்கும்தானே?" என்று என் கணவரைக் கேட்டேன். அவர் அதை உருட்டி உருட்டிப் பார்த்துவிட்டு, "சொல்ல முடியாது. இன்னும் பத்து தடவை போயிட்டு வந்திருந்தாலும் வந்திருக்கும்" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அவன் வாசலில் போய் நின்று 'பார்த்தாயா' என்று சொல்ல ஒரு வாக்கியம் கேட்டேன், அதைக்கூடத் தரமாட்டேன் என்கிறார். ஒரு பொய் சொல்ல லாயக்கில்லாத மனிதரைக் கட்டிக்கொண்டேனே என்று அன்று சாப்பாடு போடாமல் படுத்தேன்.

பிறகு வந்த வருடங்களைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை, கட்டியெழுப்புவது என்றால் அப்படித்தான். அதே விதி, அதே பஸ், அதே பாஸ் ஆபீஸ். ஒரு நோயாளியை ஏற்றிப் போனோம், அந்தக் குடும்பத்தின் கம்பெனி வாடிக்கையாக வந்தது. நிலக்கரிக்காரர்கள் வந்தார்கள். கையெழுத்துப் போட்டு ஏறவும் துணிந்த ஒரு வங்காளி இன்ஜினியர் கிடைத்தார், அதற்குப் பிறகுதான் இரண்டாவது விமானம் வாங்கினோம். கேரளத்துக்காரர் ஒருவர் கிடைத்தபின் மூன்றாவது. அதற்குள் ஃபரக்காவில் பாலம் வந்து, எல்லைக்கு அப்பால் ஒரு நாடே புதிதாகப் பிறந்து, ராஷ்பிஹாரி முனையை மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்டிருந்தார்கள். குழாய்ப் பூட்டுக்காரன் கடனாளியாகி ஹேங்கரை விட்டுப் போனான். அந்தப் பூட்டை நான்தான் சுத்தியலால் உடைத்தேன், அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு!

அண்ணனிடம் அப்போது ஐந்து விமானம். எங்களை மீன்காரக் கம்பெனி என்று ஊரெல்லாம் சொன்னான். நானும் சும்மா இருக்கவில்லை. அவனுடைய விமானத்தில் ஏறப்போவதாக யாராவது சொன்னால், 'இன்ஷ்யூரன்ஸ் எடுத்தாச்சா' என்று கேட்பேன். லேக் மார்க்கெட் காய்கறிக் கடையில் எதிரே வந்தால் அவன் முருங்கைக்காயைப் பார்ப்பான், நான் தராசைப் பார்ப்பேன். அம்மாவின் திதிக்கு அவன் காலையில் வந்துவிட்டுப் போவான், நான் மதியம் போவேன். எங்கள் கேப்டனையும் ஒருநாள் புது விமானம் காட்டி இழுத்துக்கொண்டான். அன்று நான் கேப்டனிடம் பேசிய வங்காளத்தை எந்த அகராதியிலும் தேட வேண்டாம்.

ஆனாலும் துர்கா பூஜை முடிந்து விஜயாவுக்குக் கேப்டன் எங்கள் டாக்குரியா வீட்டுக்கு வந்தார். பூஜை முடிந்ததும் வீடு வீடாகப் போய்ப் பெரியவர்களை வணங்கி இனிப்புக் கொடுப்பது அவர்கள் வழக்கம். எந்தச் சண்டைக்காரனையும் அன்று வாசலில் நிறுத்தக்கூடாது. நிறுத்தவில்லை, ஆனால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் தட்டை வாங்கினேன்.

"அங்க எப்படி? கையெழுத்துப் போட்டவன் காதைப் பொத்திக்கிட்டு வீட்டுக்குப் போயிடறானா?" என்று கேட்டேன்.

"எங்க இன்ஜினியர்கள் ஏறமாட்டேன்னு சங்கத்துல சொல்லிட்டாங்க பௌதி. அதனால உங்க அண்ணன் ஏறுவார்."

"யாரு?"

"உங்க அண்ணன்தான். அஞ்சு விமானத்துல எது பழுது பார்த்து வெளியே வந்தாலும் முதல் பயணத்துல அவர்தான். கண்ணை இறுக்கி மூடிக்குவார். கைப்பிடியை விடவே மாட்டார். போகும்போதும் வாந்தி, வரும்போதும் வாந்தி. உங்களுக்குத் தெரியாதா, அவருக்கு உயரம் ஆகாது. மாடிப்படி ஜன்னல் வழியாக்கூட வெளிய பார்க்க மாட்டார். எதுக்கு இந்தக் கஷ்டம்னு ஒருநாள் கேட்டேன். 'என் தங்கச்சி ஏறச் சொல்லியிருக்கா'ன்னு சொன்னார்."

என் கணவர் அவர் கொண்டுவந்த சந்தேஷ் இனிப்பை வாயருகே கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தினார். எனக்குப் பாலம் நினைவுக்கு வந்தது. கரக்பூர் ஓவர்பிரிட்ஜ். ஓடுகிற ரயிலுக்குக் குறுக்கே பாய்ந்தாலும் பாய்வானே தவிர, அதில் ஏறமாட்டானே. எங்கள் விமானத்தில் இத்தனை வருடத்தில் அவன் ஒருமுறைகூட உட்கார்ந்ததில்லை, எப்போதும் 'ஆபீஸில் வேலை'. அன்று அவன் எஞ்சினுக்குப் பயந்து நின்றான் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இதெல்லாம் தெரிந்ததும் என் மனம் இளகிவிட்டது என்று நினைக்காதீர்கள். இன்னும் அதிகமாகத்தான் கோபம் வந்தது. பொடிப் பயல் வயதிலிருந்து கூட வளர்ந்தவளிடம் சொல்லியிருக்கலாம் அல்லவா? என் விதியையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறான், என்னிடம் கேட்காமல்.

மறுவாரம் காலையில், ஓடுபாதையின் மறுகோடியில் அவனுடைய வெள்ளை விமானம் ஒன்று சோதனைப் பயணம் முடித்து இறங்குவது தெரிந்தது. எங்கள் மூன்றாவது விமானத்துக்குப் பழம் வைத்துக்கொண்டிருந்தேன். கூடையைக் கையிலேயே வைத்துக்கொண்டு வேலியோரமாக நடந்தேன், எதற்கு நடக்கிறேன் என்று தெரியாமலே. நான் போய்ச் சேரும்போது கதவு திறந்து ஏணி இறங்கியிருந்தது. அண்ணன் பக்கவாட்டில் திரும்பி, இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியாகக் காலால் தேடித் தேடி இறங்கினான். தலை நரைத்திருந்தது. முகம் பழுத்த வாழையிலை நிறத்தில் இருந்தது. மெக்கானிக்குகள் யாரும் அவன் பக்கம் திரும்பவில்லை, அவர்களுக்கு அது பழகிப்போயிருந்தது.

தரைக்கு வந்தபிறகுதான் என்னைப் பார்த்தான். உதட்டோரத்தில் ஈரம். வருடக்கணக்காகப் பேசாத வாய் திறந்தது.

"போதுமா?" என்றான்.

அவனுக்கென்று நான் சேர்த்து வைத்திருந்த பதில்கள் ஒரு மூட்டை இருக்கும். கூடையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து, கோபம் குறையாமலே, அவன் மார்பைப் பார்த்து வீசினேன். தவறவிடாமல் பிடித்தான். நகத்தால் தோலைக் கீறி மூக்குக்குக் கொண்டுபோய், ஏணியில் சாய்ந்து நின்றபடி கண்ணை மூடிக்கொண்டான்.

"வாயைத் துடை அண்ணே" என்றேன்.